மயிலைக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும் நன்றி

ஊராருக்கும், பங்காளிகள், மாமன் மச்சான்மாருக்கும், வெளியூரிலிருந்து வந்து மாலை போட்ட மாட்டுக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்களை விட்டுப் போன மயிலை, புலிக்குளம் இனத்து ஜல்லிக்கட்டுக் காளை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கான தடை நீங்கியதும், பிப்ரவரியில் பாலமேட்டு வாடிவாசலில் முதன்முதலாக இறங்கியது. பின்பு அவனியாபுரம், அலங்காநல்லூர் என்று நின்று விளையாடியது. திமிலைப் பிடித்தவர் 15 மீட்டர் தூரமோ மூன்று துள்ளலோ தாக்குப்பிடித்தால் அது பிடிமாடு. மயிலை ஒரு துள்ளலுக்கு மேல் யாரையும் விட்டதில்லை. வாடியைத் தாண்டியதும் ஓடாது. இடப்பக்கம் ஒரு சுழல், தலையைத் தாழ்த்தி ஒரு நிற்பு. கிட்டே வர ஆளிருக்காது.

தீனி பார்த்த அத்தைமாருக்கு முதல் நன்றி. பருத்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, ஆட்டி, வேளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போகாமல் தவிட்டில் கலந்து வைத்தீர்கள். தை நெருங்கினால் ஆளாளுக்கு உளுந்தை அள்ளிப் போடச் சொல்வார்கள். திடீரென்று தானியம் கூடினால் வயிறு புளித்து, அசைபோடுவது நின்று, மாடு படுத்துவிடும். நீங்கள் அளவு மீறவே இல்லை.

வாடியில் ஆட்டம் சில நொடிதான். ஆபத்து அதற்குப் பிறகு, மாடு சேகரிக்கும் இடத்தில். அங்கே கயிறு வீசிய தம்பிகளே, ஒரே பக்கம் இழுத்தால் கழுத்து திருகும் என்று இரண்டு பக்கமும் சுருக்குப் போட்டு, கூச்சல் போடாமல், பழகிய பசுவை முன்னால் நடத்திக் கூட்டிவந்தீர்களே, அது பெரிய வேலை.

ஒருமுறை கயிற்றுக்கு அகப்படாமல் ஓடி, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தபோது வந்த தீயணைப்பு வீரர்களை மறக்க முடியாது. மெல்லிய கயிறு நெஞ்சை அறுக்கும், மூச்சை அடைக்கும். அதனால் அகலமான பெல்ட்டை முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்றும், தொடைக்கு முன்னால் ஒன்றுமாகக் கொடுத்தார்கள். கொம்பில் கயிறு போட்டுத் தலையைத் தண்ணீருக்கு மேலே ஒருவர் தாங்கிக்கொண்டார். அதன்பிறகே கிரேன் தூக்கியது. தோலில் ஒரு கீறல் இல்லை.

கடைசி நாட்களில் நேரம் பார்க்காமல் வந்த கால்நடை மருத்துவர் ஐயாவுக்கும், எட்டடிக் குழி தோண்டிக் கூலி வாங்க மறுத்த ஜேசிபி அண்ணனுக்கும், கல் உப்பு கொடுத்த கடைக்காரருக்கும், கொட்டடித்தவர்களுக்கும் நன்றி.

மாட்டு மந்தையை வயல்களில் கிடை போடும் அண்ணன்மாருக்குத்தான் எங்கள் கடன் அதிகம். மயிலையின் வாரிசு இன்று உங்கள் கிடையில் நிற்கிறது. உழவுக்கு மாடு தேவைப்படாத காலத்தில் காளைக்கன்று நேரே அடிமாட்டுச் சந்தைக்குப் போகிறது. நீங்கள் விற்காமல் வைத்திருக்கிறீர்கள். எந்தக் கன்று எந்தப் பசுவுக்குப் பிறந்தது என்ற கணக்கும் உங்களிடம்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரே இரத்தம் சேர்ந்து கன்றுகள் சவலையாகும், இனம் தேயும்.

மயிலையின் கன்று வைத்திருப்பவர்கள், பொலிக்கு, அதாவது பசுவோடு சேர்க்க, விடும் முன் கிடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசியைத் தவறவிடாதீர்கள். விற்க நேர்ந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மயிலையை வளர்த்த குடும்பத்தாரும் மாடு பிடித்து நடந்த தம்பிகளும்