ஹேண்டில்பார் குத்திய இடம்

அன்புள்ள முருகேசா,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, தகும். ஆனால் சங்கதியைக் கேட்டுவிட்டுத் திட்டு.

பையன் கதிர் சைக்கிளிலிருந்து விழுந்தான். நாய் குறுக்கே வர, பிரேக் அடித்ததில் ஹேண்டில்பார் திரும்பி அதன் முனை வயிற்றில் குத்திவிட்டது. முழங்காலில் சிராய்ப்புகூட இல்லை. தொப்புளுக்கு நாலு விரல் மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகக் கன்றியிருந்தது, அவ்வளவுதான். இரவு இரண்டு தோசை தின்றான். மறுநாள் மதியம் வாந்தி. முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டுகொண்டான். முதலில் பார்த்த டாக்டர் வாயு என்று சிரப் எழுதினார். நினைத்தாலே இன்னும் கை துறுதுறுக்கிறது.

சி.டி. ஸ்கேனில்தான் தெரிந்தது, கணையம் இரண்டாக அறுந்திருக்கிறது என்று. அது முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்குமாம். பின்னால் எலும்பு, முன்னால் ஹேண்டில்பார்; அம்மியும் குழவியும்தான். உள்ளே ஓடும் குழாயும் அறுந்து, செரிமான நீர் வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

சர்ஜன் அம்மா இரண்டு வழி சொன்னார். வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல், நரம்பில் சத்து ஏற்றிக் காத்திருக்கலாம். ஆனால் குழாய் அறுந்தால் நீர்க்கட்டி வர வாய்ப்பு அதிகம், வாரக்கணக்கில் இழுக்கும். இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளைகள் போட்டு, கணையத்தின் வால் பக்கத்துத் துண்டை எடுத்துவிடலாம். டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னாரே, அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. சரி, செய்யுங்கள் என்றேன்.

கஷ்டம் மண்ணீரலைக் காப்பாற்றுவதில்தானாம். அதை இழந்தால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் தொற்று பயம். அதற்குப் போகிற ரத்தக்குழாய்களோ கணையத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன; கிளை கிளையாகப் பிரித்தெடுக்க வேண்டும். மூன்றரை மணி நேரம். நான் வெளியே உட்கார்ந்து தரையில் டைல்ஸ் எண்ணினேன். நம் கணக்கு லட்சணம்தான் தெரியுமே, ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருக்கலாம்டா.

மண்ணீரல் தப்பியது. ஐந்தாம் நாள் ரசம் சாதம், ஒன்பதாம் நாள் வீடு. சர்க்கரை வருமா என்று கேட்டதற்கு, மிச்சக் கணையம் போதும், அவ்வப்போது பரிசோதித்தால் சரி என்றார். இப்போது தழும்புகளைக் காட்டி வகுப்பில் வசூல் பண்ணாத குறை. உன் வளர்ப்பு.

அப்புறம், பாப்பா சைக்கிளில் ஹேண்டில்பார் முனைக்கு ரப்பர் மூடி இருக்கிறதா? இன்றைக்கே போய்ப் பார். எங்கள் சைக்கிளில் அது கிழிந்து ஆறு மாதமாகக் கம்பி வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

உன்,
சேகர்