திரையில் தமிழ், தேடினால் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வேடுகளை மின்வடிவில் வாங்குவது பற்றிப் பேச்சு வந்தாலே கருத்துத் திருட்டில்தான் போய் நிற்கிறது. பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆய்வேட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் நான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு.

தாலாட்டுப் பாடல்களை ஆராயும் மாணவி ஒருவர் எங்கள் மின்களஞ்சியத்தில் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். இருந்தது. தலைப்பில் தாலாட்டு இல்லை, ஆனால் உள்ளே ஓர் இயல் முழுக்கத் தாலாட்டுதான். கோப்பைத் திறந்தால் எழுத்து அவ்வளவு அழகு. ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழுந்தன. பாமினி எழுத்துருவில் அடித்த ஆய்வேடு அது; ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போர்த்திக் காட்டும் பழைய எழுத்துரு. பல ஆண்டு உழைப்பு, தேடுகிறவர் கையில் சிக்காமலே கிடக்கிறது.

உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் கணினியில் தனிக் குறி தரும் பொதுத் தரம் யூனிகோடு. அதன் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகள் வருவது நிற்கவில்லை. தட்டச்சு செய்பவருக்குக் கை பழகிவிட்டது; ஆய்வாளருக்கு அச்சில் சரியாக வந்தால் போதும்.

‘பிடிஎஃப்-ஏ வடிவில் கேட்கிறோமே, போதாதா?’ என்பார்கள். கோப்புகளை நெடுங்காலம் காப்பதற்கென்று 2005இல் வந்த நல்ல தரம்தான். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுவதால் பின்னாளில் திறந்தாலும் பக்கம் சிதையாது. ஆனால் அதன் அடிப்படை நிலை, பக்கம் எப்படித் தெரிகிறது என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. 2011இல் வந்த அத்தரத்தின் இரண்டாம் பாகத்திலுள்ள ‘யு’ நிலை ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு குறி கேட்கிறது. பாமினி கோப்போ ஆங்கில எழுத்தின் குறியைக் காட்டி அதிலும் தேறிவிடும். சோதனை மென்பொருள் பச்சை விளக்குக் காட்டும், உள்ளே தமிழ் இருக்காது. யூனிகோடில் அடித்தவையும் சிலசமயம் ஏமாற்றும்: பிடிஎஃப் ஆக்கும்போது ‘கொ’வின் கொம்பு தனியே கழன்று முன்னால் போய் நிற்கும்.

ஆகவே ஆள் பார்த்துத்தான் ஆக வேண்டும். முன்னுரையில் ஒரு பத்தி, நடு இயலில் ஒரு பத்தி, துணைநூற்பட்டியலில் சில வரிகள்: நகலெடுத்து ஒட்டிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதையும் சமர்ப்பிக்கும் நாளிலேயே செய்ய வேண்டும். பட்டம் வாங்கிப் போன பிறகு அவரைத் தேடிப் பிடித்துக் கோப்பு கேட்பது எவ்வளவு பாடு என்று எங்களுக்குத்தான் தெரியும். பிடிஎஃப்புடன், அது எந்தக் கோப்பில் தட்டச்சானதோ அந்த மூலக் கோப்பையும் வாங்கி வைத்தால், எழுத்துரு மாற்றிக் கருவியில் போட்டுப் பிற்பாடும் சரிசெய்துகொள்ளலாம். மூலக் கோப்பை வெளியில் காட்ட வேண்டியதில்லை.

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்திடும் முன் உங்கள் மாணவரின் கோப்பில் ஏதாவது ஒரு வரியை ஒட்டிப் பாருங்கள். தமிழ் வராவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். நூலகம் திருப்பினால் மாணவர் வருத்தப்படுகிறார், நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு பல்கலைக்கழக நூலகர்