திடலைத் தந்தவர்களுக்கும் விட்டுக்கொடுத்தவர்களுக்கும்

அன்புள்ள தோட்டத்து மக்களுக்கும், பட்டணத்துக்குக் குடிபோன பிறகும் திருவிழாவுக்குத் தவறாமல் வந்துவிடும் உறவுகளுக்கும் வணக்கம்.

பழைய திடலும் அதை ஒட்டி ஆற்றங்கரை வரை இறங்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை) காடும் இனி நம் ஊரின் பொதுப் பூங்கா. அரசிதழான கெஜட்டில் வந்துவிட்டது. ஆறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் சுற்றிலும் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவ்வளவு இடம் சேர்ந்தாற்போல் இனி கிடைக்காது. திறப்பு விழாவில் மாலை வாங்கியவர்களின் வரிசை நீளமாக இருந்தது. உழைத்தவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் இல்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி நிலம் கொடுத்த தோட்ட நிர்வாகத்துக்கு. விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கோப்பிக் கடையில் ஆளுக்கொரு கணக்கு ஓடியது. விலையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவர்கள் அதை முறைப்படி அரசாங்கத்திடம் ஒப்படைத்ததுதான். "நீங்களே பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற வாய்ச்சொல் தோட்டப்புறத்துக்குப் புதிதா என்ன? மேனேஜர் மாறுவார், தோட்டமே கைமாறும், புதிதாக வருபவர் "எந்தத் திடல்?" என்று கேட்பார். பெரிய கிராண்டிலிருந்து (நிலப் பட்டாவிலிருந்து) ஒரு துண்டைப் பிரித்து ஒப்படைப்பது லேசான காரியமில்லை. நில அளவையாளர் வந்து கல் போட வேண்டும். நிலம் அடமானத்தில் இருந்தால் வங்கியும் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதக் கடிதத்துக்காக விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்த ஆபீஸ் கிராணி (எழுத்தர்) அக்காவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். வங்கியில் அவர் குரலைக் கேட்டாலே அடையாளம் தெரிந்துகொள்வார்களாம்.

அடுத்து, நில அலுவலகத்தில் எங்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொன்ன அதிகாரிக்கு. மலாய்க்கார அண்ணன் அவர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவை எங்கள் முன்னால் விரித்து வைத்துப் படித்துக் காட்டினார். இந்தப் பிரிவின்படி மாநில அரசு ஒரு நிலத்தைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கினால், எந்த நிலம், எதற்காக, எந்த அதிகாரியின் பொறுப்பில் என்பதெல்லாம் கெஜட்டில் வரவேண்டும். 64ஆம் பிரிவின்படி அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்யவும் முடியும். ஆனால் முன்கூட்டியே அறிவித்து, விசாரணை வைத்து, ஆட்சேபம் உள்ளவர்களைக் கேட்ட பிறகுதான். திறக்கவே முடியாத கதவு என்று சொல்லவில்லை, தட்டாமல் யாரும் உள்ளே வர முடியாது என்கிறேன். எங்களுக்கு அது போதும்.

"எதற்கு இவ்வளவு பேப்பர் வேலை?" என்று கேட்ட தம்பிகளுக்காக ஒன்று. கோலாலம்பூரில் புக்கிட் கியாராவும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். அங்கே ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடி எழுப்ப அனுமதி கொடுக்கப்பட்டது. அதை எதிர்த்த குடியிருப்பாளர்கள் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில்தான் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். அங்கே நீள வீடுகளில் வாழ்ந்த முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினையும் அதே விவகாரத்தில் சிக்கிக்கொண்டது. நம்மிடம் அவ்வளவு தூரம் வழக்காட ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் பேப்பரை முதலிலேயே சரியாகப் போட்டோம்.

சரி, இப்போது நான் அதிகம் சொல்ல நினைத்தவர்களைப் பற்றி.

ஆற்றோரத்தில் அப்பா காலத்திலிருந்து மாடு மேய்த்துவந்த அண்ணன், கட்டுத்தறியைத் தோட்டத்தின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குத் தினமும் பால் ஊற்றப் போகும் தூரம் கூடியிருக்கிறது, புல்லும் முன்போல் பக்கத்தில் இல்லை. கீரையும் மரவள்ளியும் போட்டிருந்த பாட்டிமார்கள், "அறுத்துவிட்டுத் தருகிறோம்" என்று ஒரு போகம் மட்டும் தவணை கேட்டு, சொன்னபடியே காலி செய்தார்கள். நட்ட ஈடு என்று எங்களால் கொடுக்க முடிந்தது ஒன்றுமில்லை. நிர்வாகம் கொடுத்தது கணக்கில் ஒரு துண்டு நிலம், இவர்கள் கொடுத்தது அன்றாடப் பிழைப்பில் ஒரு பங்கு. விழா மேடையில் இவர்களை உட்காரவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கூட்டத்திலும் இதைச் சொன்னேன், எடுபடவில்லை.

ஆலய நிர்வாகக் குழுவுக்கும் தனியாக ஒரு கும்பிடு. திடலின் ஒரு மூலையில் கல்யாண மண்டபம் கட்ட அவர்கள் ஏற்கெனவே மனு போட்டிருந்தார்கள். நியாயமான ஆசைதான், நம் ஊரில் மண்டபம் இல்லை. காரசாரமான பேச்சுகள் நடந்தன, இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டன. கடைசியில் மனுவை மீட்டுக்கொண்டது அவர்கள்தான். மண்டபத்துக்கு வேறு இடம் தேடும் வேலையில் பூங்காக் குழுவும் அவர்களோடு நிற்கும். இது கூட்டத்தில் கொடுத்த வாக்கு.

காட்டைத் திருத்தும் வேலையில் வழிகாட்டியவர் ஓய்வுபெற்ற தோட்டக் கண்டக்டர் (மேற்பார்வையாளர்) ஐயா. வெட்டிய செம்பனைகளை அப்படியே போட்டுவிடலாம் என்றுதான் நிறையப் பேர் நினைத்தோம். மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்துத் தோட்டத்து இளங்கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிடும் என்று தடுத்தார். கொளுத்தலாமா என்றால், திறந்தவெளி எரிப்புக்குச் சட்டத்தில் தடை. ஆகவே தண்டுகளைச் சிறுசிறு சில்லாக அரிந்து பரப்பினோம். பழைய பால்மர (ரப்பர் மர) கட்டைகளையும் வேரோடு பிடுங்கச் சொன்னார், வெள்ளை வேர் நோய் அந்தக் கட்டையிலிருந்துதான் புதுக் கன்றுக்குத் தாவுமாம். இதற்கெல்லாம் எக்ஸ்கவேட்டரை டீசல் காசுக்கு மட்டும் அனுப்பிய சீனக் குத்தகைக்காரர் பாஸுக்கு நன்றி.

நுழைவாயிலில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வாகன நிறுத்துமிடத்துக்காக வெட்ட ஒரு யோசனை வந்தது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று மாவட்ட மன்றத்தின் இளம் அதிகாரி தங்கச்சி எடுத்துச் சொன்னார். நம் மரத்தை அளக்க வீட்டுத் தையல் டேப் பற்றவில்லை. மரம் நிற்கிறது, கார்கள் சாலையோரம் நிற்கின்றன.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டார்கள். மேட்டில் சில பால்மரங்களை விட்டுவைத்ததும் அவர்கள் கேட்டதால்தான். கோலகங்சாரில் 1877ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் உயிரோடு நிற்பதைச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பால்வெட்டுக் கத்தி பிடிக்கத் தெரிந்த அக்காமார்கள் இருவர் அவர்களுக்குக் கோடு போட்டுக் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள்.

புல் வெட்டுவதும் குப்பை அள்ளுவதும் மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. கன்றுகளும் நாற்காலிகளும் ஆற்றோரப் பாதையும் நம்முடையவை. ஞாயிறு காலை கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் பொதுப் பணி. மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், பசியாறல் ஆலயக் குழுவின் உபயம். அப்புறம், லோரிக்கார நண்பர்களே, பூங்கா வாசலை மறித்து நிறுத்தாதீர்கள். கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வண்டி உள்ளே நுழைய முடியவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்,
பூங்காப் பராமரிப்புக் குழு