குளிரறைக் கணக்கு சென்னைக்கு உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிராசஸரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது நிறுவனம் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணினியின் அடிப்படை செட்டிங் திரையான பயாஸில் எந்த எண்ணை மாற்றுவது என்று விளக்கிய கட்டுரை, வோல்டேஜைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. சிப்பைக் கெடுப்பதே அந்த வோல்டேஜ்தான்.

சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு கூடும். வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடுவதை 4.6க்கும் 1.35க்கும் ஏற்றினால் வேகம் 15 சதவீதம்தான் கூடுகிறது. வெப்பமோ தோராயமாக 45 சதவீதம் கூடிவிடும். காற்றாடி கூலரோ லிக்விட் கூலரோ, எதுவும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. கூலர் விமர்சனங்களில் காட்டும் அளவுகள் பெரும்பாலும் 20 - 25 டிகிரி அறையில் எடுத்தவை. ஏசி இல்லாத மொட்டைமாடி அறையில் மே மாதம் 36 டிகிரி என்றால், அந்த அளவோடு 11 முதல் 16 டிகிரி வரை கூட்டிக்கொள்ள வேண்டும். மார்கழியில் சிக்கலின்றி ஓடிய செட்டிங் கத்திரி வெயிலில் ஹேங் ஆவது இதனால்தான்.

வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள். பல மதர்போர்டுகள் தேவைக்கு மேலேயே ஏற்றிவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த படி. 85 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறங்கிவிடுவது நல்லது. கணினி எழும்பவே இல்லையென்றால் பதற வேண்டாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பெரும்பாலும் பழைய செட்டிங் திரும்பிவிடும்.

ரேமின் (தற்காலிக நினைவகத்தின்) வேகத்தை ஏற்றும் விஷயம் இன்னும் மோசம். தாங்க முடியாத பிராசஸர் நீலத்திரையாவது காட்டும். ரேம் ஒரே ஒரு பிட்டை மாற்றிவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடும். காப்பி செய்து வைத்த கல்யாண வீடியோ நடுவில் கட்டம் கட்டமாக உடைந்திருப்பது மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். ரேம் பெட்டியில் அச்சிட்ட எக்ஸ்எம்பி வேகமும் (ரேம் தயாரிப்பாளர் முன்பே பதித்துத் தரும் கூடுதல் வேக செட்டிங்) பிராசஸர் நிறுவனத்தின் கணக்கில் ஓவர்கிளாக்தான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் நான்கு சுற்றும் ஒரு பிழைகூட இல்லாமல் முடியட்டும். கடைக் கணக்கு ஓடும் கணினியில் இந்த வேலையே வேண்டாம்.

சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகம் ஏற்றிக் கொடுத்தால், எவ்வளவு வேகம், எத்தனை வோல்ட் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தை இன்டெல், ஏஎம்டி இரண்டின் சாதாரண வாரண்டியும் ஏற்காது. பழைய சிப் விற்பவர்களுக்கும் இது பொருந்தும். கூடுதல் வோல்டேஜில் நெடுநாள் ஓடிய சிப் உள்ளே தேய்ந்திருக்கும், 1.30 வோல்ட்டில் சீராக ஓடிய வேகத்துக்கு இப்போது 1.34 கேட்கும். வெளியே பார்த்தால் புதிதுபோலத்தான் இருக்கும். அதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்பதே முறை.

- கணினி பழுதுபார்ப்பவர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை