புகார்: காளான் டப்பாவை நம்பி என் அம்மா நிறுத்திய மாத்திரை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

போன மாதம் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) உங்கள் விற்பனையாளர் என் அம்மாவிடம் லயன்ஸ் மேன் காளான் கேப்சூல் மூன்று டப்பா விற்றார். ஒரு டப்பா 120 வெள்ளி (ரிங்கிட்). அம்மாவுக்கு 64 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். அப்பா தவறியதிலிருந்து மனச்சோர்வுக்கு அரசாங்க கிளினிக்கில் செர்ட்ராலின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான்.

காளான் விற்றது என் புகார் இல்லை. மழை விட்டதும் தோட்டத்தில் காளான் பொறுக்கி வந்து குழம்பு வைத்த குடும்பம் எங்களுடையது. "இதைச் சாப்பிட்டா அந்த மாத்திரையே வேணாம்மா" என்று உங்கள் ஆள் சொன்னாரே, அதுதான் புகார். அம்மா அன்று இரவே மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் தலைசுற்றல். கழுத்தைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிக்கிறது என்றார். ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பழைய பெரட்டு நேரத்துக்கு, வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த வினை என்றார் கிளினிக் டாக்டர். இப்போது மறுபடி சாப்பிடுகிறார்.

உங்கள் நோட்டீஸில் 'ஜப்பான் ஆய்வில் நிரூபணம்' என்று இருக்கிறது. தேடிப் படித்தேன். 2010இல் வந்த ஆய்வு. 30 பெண்கள், நான்கு வாரம், காளான் தூள் கலந்த பிஸ்கட். சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு ஓரளவு குறைந்ததாம். நல்ல செய்திதான். ஆனால் முப்பதே பேர்! எங்கள் பழைய லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீடுகளில்) ஒரு வரிசையிலேயே அதைவிட அதிகம் பேர் இருந்தோம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

டப்பாவில், மருந்துப் பொருள்களுக்கு அரசாங்கம் தரும் எம்.ஏ.எல். பதிவு எண்ணும் இல்லை, சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. போன் செய்தால், "இது உணவுப் பொருள்தான், அதெல்லாம் தேவையில்லை" என்கிறார்கள். சரி, உணவு என்றால் மனச்சோர்வு தீரும் என்று சொல்லி எப்படி விற்கிறீர்கள்?

360 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். இரண்டு டப்பா இன்னும் பிரிக்கவில்லை. அப்புறம், டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது என்று உங்கள் விற்பனையாளர்கள் எல்லாருக்கும் அறிவித்து, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பணத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் பதிவு செய்வேன். நோட்டீஸும் டப்பாவின் படமும் சுகாதார அமைச்சுக்குப் போகும். கையால் எழுதிக் கொடுத்த ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனி முத்திரை அதில் தெளிவாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
வாடிக்கையாளரின் மகள்,
சுங்கை சிப்புட், பேராக்