சிமெண்ட் தூசி எடுக்கும் என்று வேக்குவம் கிளீனரை விற்றுவிட்டு வாரண்டி கிடையாது என்பது பற்றி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஏசி மாட்டுவது, சர்வீஸ் பார்ப்பது என்று வேலை செய்கிறேன். உங்கள் நம்பருக்குப் போன் போட்டு, ஒன்றை அமுக்கி மூன்றை அமுக்கி, ஒவ்வொரு ஆளிடமும் முதலிலிருந்து கதை சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். பில் நகல் இணைத்திருக்கிறேன்.

வாங்கியது உங்களுடைய 10 லிட்டர் வேக்குவம் கிளீனர், தண்ணீரும் உறிஞ்சும் மாடல். டூவீலரில் டூல் பேக்கோடு போக வேண்டும் என்பதால் பெரியது எனக்கு ஆகாது. ஏசி பைப்புக்குச் சுவரைத் துளைத்தால் செங்கல் தூளும் சிமெண்ட் தூசியும் மெத்தை வரைக்கும் படியும். ஏசித் தண்ணீர் வெளியே போகும் ட்ரெயின் பைப் அடைத்துக்கொண்டால் வெளி முனையில் வைத்து உறிஞ்ச வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தான் கடையில் கேட்டேன். உங்கள் டெமோ பையன் "தாராளமா எடுக்கும்ண்ணா" என்றார். பெட்டியிலும் டிரில் மிஷின் பக்கத்தில் வைத்துத்தானே படம் போட்டிருக்கிறீர்கள்?

தண்ணீர் நன்றாக எடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. தூசிதான் பிரச்சினை. அந்தத் துணி ஃபில்டர் உங்களுக்கே தெரியும். இரண்டு ஓட்டை போடுவதற்குள் மாவு அப்பியதுபோல் அடைத்து, இழுப்பு நின்று, மோட்டார் சூடாகிவிடும். அடைக்காத நேரத்தில் நைஸ் தூசி பின்பக்கமாக வெளியே வரும். ஒரு வீட்டில் புதுப் பெயிண்ட் அடித்த சுவரெல்லாம் புகை அடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா கூலியைப் பிடித்துக்கொண்டு, அபார்ட்மெண்ட் குரூப்பிலும் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் எனக்கு வேலையே போய்விட்டது. சிமெண்ட் தூசியில் சிலிக்கா இருக்கிறது சார், நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. அதை அறைக்குள்ளேயே ஊதிவிடும் மிஷினை எப்படி விற்கிறீர்கள்?

நைஸ் தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் தூசி சேரும் காகிதப் பையும் தனியாகக் கிடைக்கும், போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சரி என்று கேட்டால் ஸ்டாக் இல்லை. அப்புறம் ஒரு நாள் "வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று உங்கள் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரிலிருந்தே போன் வந்தது. நல்ல வெயில் காலம், ஏசிக்காரனுக்கு வருஷச் சம்பாத்தியமே அந்த மாதங்கள்தான். வந்த வேலையை விட்டுவிட்டு, முந்தின வாரம் மோட்டார் நின்றுபோன மிஷினையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் "இந்த மாடலுக்கு இல்லையே, யார் சொன்னது?" என்றார். போன் வந்த நம்பரைக் காட்டினேன். மிஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்கு விக்கிற பொருளைக் கொத்து வேலைக்குத் தூக்கிட்டுப் போனா வாரண்டி எப்படி வரும்? படிச்சுப் பாத்து வாங்கணும்" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். மத்தியானம் வரை உட்கார வைத்து, மோட்டார் போய்விட்டது, பணம் கட்டினால் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள். உட்காரச் சொன்ன இடத்தில் ஒரு மின்விசிறி கூட ஓடவில்லை. அந்த ஆளை நான் மறக்க மாட்டேன்.



தொழிலுக்குப் பயன்படுத்தினேன், அதனால் கேட்க முடியாது என்று உங்கள் ஆட்கள் சொல்வது சரியில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிகப் பயன்பாட்டில் சேராது என்று தெளிவாக இருக்கிறது. நான் கம்பெனி நடத்தவில்லை, என் கையால் வேலை செய்து சாப்பிடுகிறேன். என் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுப்பேன், அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் பார்ப்போம்.

அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. தயவுசெய்து மோட்டாரை இலவசமாக மாற்றி, ஹெப்பா ஃபில்டரும் பைகளும் சேர்த்துக் கொடுங்கள். முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினை என் வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இனி நான் கோயம்புத்தூர் வரமாட்டேன். 15 நாளுக்குள் பதில் எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஏசி மெக்கானிக், திருப்பூர்