ஸ்காபரோ ஏற்றத்தில் தள்ளிய எஞ்சின்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்ற உங்கள் பட்டியலில் வழக்கம்போல நயாகராதான் முதலில் வந்திருந்தது. மொன்றியலுக்குத் தெற்கே சென் கொன்ஸ்ரனில் உள்ள எக்ஸ்போரெயில் ரயில் அருங்காட்சியகத்தையும் சேர்த்திருக்கலாம்.

அங்கே பெயர்பெற்றது 2850ஆம் எண் எஞ்சின். மொன்றியலில் 1938இல் கட்டியது. அடுத்த ஆண்டு ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் ரயிலை வன்கூவர் வரை இழுத்துப் போனது. பக்கவாட்டில் சின்னதாக ஒரு கிரீடம் இருக்கிறது. சரி, அது மன்னர் கதை. என்னை நகரவிடாமல் நிறுத்தியது 4100. கிங்ஸ்ரனில் 1924இல் கட்டிய நீராவி எஞ்சின். ஒவ்வொரு பக்கமும் ஐந்து பெரிய சில்லுகள், ஒவ்வொன்றும் என் பத்து வயதுப் பேரனின் உயரம். ரொறன்ரோவின் ஸ்காபரோ ஏற்றத்தில் திணறிய சரக்கு ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதுதான் அந்த வகை எஞ்சின்களின் வேலையாக இருந்ததாம். நாங்கள் தினமும் பஸ் ஏறும் அதே ஸ்காபரோ!

அப்புறம் இன்னொன்று. இலங்கையில் 'ஒன்ராறியோ', 'அல்பேர்ட்டா' என்று பெயர் எழுதிய டீசல் எஞ்சின்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் 1954 முதல் வந்த அவையும் கனடாவில், ஒன்ராறியோவின் லண்டன் நகரில் கட்டியவைதான். அம்மப்பாவையும் கூட்டிப் போனால் பிள்ளைகளுக்கு வேறு வழிகாட்டி வேண்டியிராது.

அடுத்த பட்டியலில் இதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ